பள்ளியைப் பல்லியாக்கும் கைப்பேசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளையோர் தமிழில் எழுதுவதில்லை, எழுதினாலும் பிழை மலிந்து கிடக்கிறது என்று வாசகர் பகுதியில் அவ்வப்போது கடிதங்கள் வருகின்றன. பழி தமிழ்ப்பள்ளி மீதோ பெற்றோர் மீதோ விழுகிறது. ஆனால் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் அன்றாடம் எழுதப்படும் தமிழ் இப்போது காகிதத்திலா இருக்கிறது? ஆலயத் திருவிழா அறிவிப்பு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்ட அழைப்பு, இரங்கல் செய்தி, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாமே கைப்பேசியில் தட்டப்பட்டுப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகின்றன. 'திருமனம்' என்று அழைப்பு அனுப்பியவருக்கு மனத்துக்கும் மணத்துக்கும் வேறுபாடு தெரியாமல் இல்லை. அவர் எழுதக் கற்றவர், தட்டக் கற்காதவர். அந்தக் குறையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நம்மில் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதுதான் குழப்பத்தின் வேர். முதல் வகை ஊகிப்பது. கூகுள் விசைப்பலகையில் ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் முறை அப்படிப்பட்டது. நீங்கள் ஒலியைத் தட்டுகிறீர்கள், அது சொல்லை ஊகித்து மேலே ஒரு பட்டையில் காட்டுகிறது. பள்ளிக்கும் பல்லிக்கும் நாம் தட்டும் ஆங்கில எழுத்துகள் ஒன்றே. கரை, கறை, எண், என், வேலை, வேளை ஆகியவற்றுக்கும் அப்படித்தான். பட்டையில் முதலில் நிற்பதைப் பார்க்காமல் தொட்டால் ஆண்டு விழா பல்லிக்கு நடக்கும்.

இரண்டாவது வகை விதிப்படி நடப்பது. அஞ்சல் என்னும் விசைப்பலகை முறை இதற்குச் சான்று. சின்ன எல் தட்டினால் ல, பெரிய எல் தட்டினால் ள, இசட் என்றால் ழ. சின்ன ஆர் ர, பெரிய ஆர் ற. சின்ன என் ன, பெரிய என் ண. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது விதிப்படிதான், ஊகம் கிடையாது. கணினியில் இது வசதியான முறை. கைப்பேசியில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் ஷிப்ட் விசையைத் தனியாகத் தொட வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிடுகிறோம். ளகரம் லகரமாகவும் ணகரம் னகரமாகவும் சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒற்றைத் தொடுகைதான்.

கைப்பேசிக்கு இவற்றைவிடப் பொருத்தமானது தமிழ் 99 அமைப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை இது. பெயரில் உள்ள 99 அந்த ஆண்டைக் குறிக்கும். நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-இல் குறுஞ்செய்திக்காக வெளிவந்தது. இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கும் அந்தச் செயலியில் அஞ்சல், தமிழ் 99 இரண்டும் உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் எதையும் பதிவிறக்க வேண்டியதே இல்லை. 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 தொடங்கி இரண்டு அமைப்புகளும் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸ், அதில் ஜெனரல், அதில் கீபோர்ட், அதில் கீபோர்ட்ஸ் என்று போய்ப் புதிய விசைப்பலகை சேர்க்கும் இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் கண்ணில் படும். வேண்டாததை நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையை மாற்றும் உலக உருண்டை விசையை ஒவ்வொரு முறை தொடும்போதும் நான்கு விசைப்பலகை மாறி மாறி வந்தால் யாருக்கும் பொறுமை நிற்காது.

தமிழ் 99-இல் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்யெழுத்துகள் வலப்பக்கம். உயிர்மெய் வேண்டுமென்றால் வலப்பக்க மெய்யைத் தொட்டு, இடப்பக்க உயிரைத் தொட வேண்டும். கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துப் பெருவிரல்களால் தட்டுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? வலம், இடம், வலம், இடம் என்று விரல்கள் மாறி மாறி இறங்கும். ஒரு விரல் தொடும்போதே மற்றது அடுத்த விசைக்கு மேலே போய் நிற்கும். வகரமும் ஙகரமும் மட்டும் கீழ் வரிசையில் இடப்பக்கமாக ஒதுங்கி நிற்கின்றன. முதல் வாரம் வகரத்தை வலப்பக்கம் தேடாதவர் இல்லை.

நடு வரிசையில் இடமிருந்து வலமாக அ, இ, உ, புள்ளி, எ. தொடர்ந்து க, ப, ம, த, ந, ய. மேல் வரிசையில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. தொடர்ந்து ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழே ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர, ழ. செயலிக்குச் செயலி ஓரிரு விசை இடம் மாறலாம். மனப்பாடம் செய்ய ஒரு வழி இருக்கிறது: குறில் நடுவில், அதன் நெடில் நேர் மேலே. அகரத்துக்கு மேல் ஆ, இகரத்துக்கு மேல் ஈ, உகரத்துக்கு மேல் ஊ, எகரத்துக்கு மேல் ஏ. புள்ளிக்கு மேல் ஐ உட்கார்ந்திருக்கிறது. ஒகரக் குடும்பம் முழுவதும் கீழே.

இந்த அமைப்பின் அருமை புள்ளியில் தெரியும். ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தொடுகை. 'பள்ளி'க்கு ப, ள, ள, இ. ளகரத்துக்கு ஒரு விசை, லகரத்துக்கு வேறொரு விசை என்பதால் பல்லி வர வேண்டுமென்றால் நீங்களே போய் லகரத்தைத் தொட வேண்டும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சுங்கை' என்பதற்கு ச, உ, ங, க, ஐ. 'சிப்புட்' என்பதற்கு ச, இ, ப, ப, உ, ட, புள்ளி. முதல் சொல்லில் புள்ளியைத் தொடவே இல்லை. இரண்டாவதில் கடைசியில் மட்டும் தொட்டோம்.

இந்தத் தானியங்கிப் புள்ளி சில சமயம் வேண்டாத இடத்திலும் விழும். 'பப்பாளி' தட்டிப் பாருங்கள். ப, ப என்று தொடங்கியதும் முதல் பகரத்தின் தலையில் புள்ளி ஏறிச் சொல் குலைந்துவிடும். முதல் பகரத்தை அடுத்து அகரத்தை ஒருமுறை தொட்டால் 'இதற்குப் புள்ளி வேண்டாம்' என்று பொருள். ஆக, ப, அ, ப, ப, ஆ, ள, இ. 'ததும்பு', 'மமதை' ஆகியவற்றுக்கும் இதே வழி. 'வந்தது', 'இருந்தது' போன்ற சொற்களிலும் இரண்டு தகரத்துக்கு நடுவே அகரத்தைத் தட்டும் பழக்கம் இருந்தால் எந்தச் செயலியிலும் ஏமாறமாட்டீர்கள். தமிழ் 99-ஐப் பழகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களுக்கு இந்த அகர விதியை யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

பழகும் முறைக்கு வருகிறேன். முதல் 4, 5 நாள் நடு வரிசையை விட்டு வெளியே போக வேண்டாம். அந்த வரிசையிலேயே தம்பி, பந்து, பத்து, நெய், கம்பம், புத்தகம், எந்த, அந்த என்று நிறையச் சொற்கள் இருக்கின்றன. அடுத்த 5 நாள் மேல் வரிசையைச் சேர்த்துக்கொண்டு கூட்டம், மண்டபம், சட்டை, செம்பனை, பள்ளி. அதன் பிறகே கீழ் வரிசை: தோட்டம், வணக்கம், ரப்பர், ஒட்டுப்பால், மலேசியா. நாளுக்கு 15 நிமிடம் போதும். ஒரே நாளில் 2 மணி நேரம் உட்காருவதைவிட இது மேல். தொடக்கத்தில் வேகம் பார்க்காதீர்கள். பிழையோடு வேகமாகத் தட்டினால் விரல் அந்தப் பிழையைத்தான் மனப்பாடம் செய்யும். மூன்றாம் வாரத்தில் கண் விசையிலிருந்து விலகி எழுதும் வரிக்குப் போகத் தொடங்கும். போகவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம் அதே சொற்களைத் தட்டுங்கள். இந்த மூன்று வாரமும் தானியங்கித் திருத்தத்தை அணைத்து வையுங்கள். நீங்கள் தவறாகத் தட்டியதை அது ஓசையில்லாமல் சரிசெய்துவிட்டால் விரலுக்கு எப்படித் தெரியும்?

விசை தவறுவதற்கு உடம்பும் திரைக் கண்ணாடியும் காரணமாகின்றன. கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 68 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில விசைப்பலகையில் ஒரு வரிசைக்கு 10 விசை, ஒன்றுக்கு 6.8 மில்லிமீட்டர் கிடைக்கும். தமிழ் 99-இன் மேல் வரிசையில் 12 விசை, ஒன்றுக்கு 5.7 தான். விரல் நுனி பதியும் இடமோ இதைவிட அகலம். பெருவிரல் சாய்ந்து படுவதால், திரை உணரும் புள்ளி கண் குறித்த இடத்துக்குச் சற்றுக் கீழே விழுகிறது. ஆகவே விசையின் மேல் பாதியைக் குறிவைத்துத் தொடுங்கள். கூகுள் விசைப்பலகையில் காற்புள்ளி விசையைச் சிறிது நேரம் அழுத்தினால் பற்சக்கரம் வரும். அதன் வழி உள்ளே போய் விசைப்பலகையின் உயரத்தைக் கூட்டலாம். அங்கேயே நீண்ட அழுத்தத்துக்கான நேரமும் இருக்கிறது. வழக்கமாக 300 மில்லிவினாடி. மெதுவாகத் தொடும் மூத்தோருக்கு அது போதாது. எழுத்தைத் தொட்டால் வேறு குறி வருகிறது என்று அவர்கள் சொல்வது இதனால்தான். 500 வரை ஏற்றிக் கொடுங்கள். நீண்ட செய்தி என்றால் கைப்பேசியைப் படுக்க வைத்துத் தட்டலாம், விசைகள் நன்றாக அகன்றுவிடும்.

திரை விரலின் மின் தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பால் வெட்டிவிட்டு வந்தவரின் விரல் நுனியில் காய்ந்த பால் படலம் ஒட்டியிருந்தால் திரை அந்தத் தொடுகையைப் பாதிதான் உணரும். ரப்பர் கையுறையும் அப்படியே. ஈரம் இதற்கு நேர்மாறு: ஒரு துளி தண்ணீர் பக்கத்து விசையையும் சேர்த்துத் தொட்டதாகக் காட்டும். கையையும் திரையையும் துடைத்துவிட்டுத் தட்டுவதைவிடப் பெரிய உபாயம் இதற்கு இல்லை. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சில ரிங்கிட்டுக்கு ஒட்டித் தரும் திரைக் காப்புக் கண்ணாடி ஓரங்களில் சரியாகப் படியாமல் காற்று புகுந்திருந்தால், ஓரத்து விசைகளான ஆ, அ, ஞ, ய ஆகியவை மட்டும் அடம் பிடிக்கும். விரலைக் குறைசொல்லும் முன் கண்ணாடியை எடுத்துவிட்டு ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

பிழையை அழிப்பதிலும் நேரம் வீணாகிறது. நடுவில் ஓர் எழுத்து தவறினால் பலர் கடைசியிலிருந்து அங்கே வரைக்கும் அழித்துக்கொண்டே போகிறார்கள். கூகுள் விசைப்பலகையில் இடைவெளி விசை மீது விரலை இடமும் வலமும் நகர்த்தினால், எழுதும் இடத்தைக் காட்டும் சுட்டி நகரும். ஐபோனில் அதே விசையைச் சற்று அழுத்திப் பிடித்துவிட்டு நகர்த்த வேண்டும். அழிப்பு விசையை ஒருமுறை தொட்டால் பல விசைப்பலகைகளில் முழு எழுத்தும் போகாது. 'கி'யில் இகரக் குறி போய்க் ககரம் நிற்கும், 'க்' என்பதில் புள்ளி மட்டும் போகும். இதைத் தெரிந்து பயன்படுத்தினால் லாபம். 'தோட்டதில்' என்று தவறியிருந்தால் 'தில்' முழுவதையும் அழித்துத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை, உரிய இடத்தில் சுட்டியை வைத்து 'த்' என்ற ஒற்றை மட்டும் நுழைக்கலாம்.

பரிந்துரைப் பட்டையால் வரும் இன்னொரு கோளாறு நம் அறிவிப்புகளில் பெருகிவிட்டது. பட்டையில் 'பள்ளி' என்பதைத் தொட்டதும் அது சொல்லோடு ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடும். வேற்றுமை உருபை அதன் பிறகு தட்டினால் 'பள்ளி க்கு', 'சங்கம் த்தின்' என்று பிரிந்து நிற்கும். ஆங்கிலத்தில் சொல் தனித்தே நிற்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. நமக்கோ உருபு ஒட்டியே ஆக வேண்டும். சொல்லைத் தேர்ந்ததும் இடைவெளியை ஒருமுறை அழித்துவிட்டு உருபைத் தட்டுங்கள். 'ம்' என முடியும் மகர ஈற்றுச் சொல் என்றால் பட்டையை நம்பாமல் முழுவதையும் தட்டுவதே விரைவு. 'தோட்டத்தில்' என்பதற்கு த, ஓ, ட, ட, த, த, இ, ல, புள்ளி என்று ஒன்பதே தொடுகை.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. ஔகார விசையைத் தேடச் சோம்பி, எகரக் குறியும் ளகரமும் தட்டி 'கெளரவம்' என்று எழுதுகிறோம். பார்வைக்கு 'கௌரவம்' போலவே இருக்கும். கணினிக்கு அது வேறு சொல். உறுப்பினர் பட்டியலில் 'கௌரி' என்று தேடினால் 'கெளரி' அகப்படமாட்டார். ஆலயப் பெயர்களில் வரும் ஸ்ரீ எழுத்தும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கியும் அதை எழுதலாம், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 2005-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஓர் ஆலயத்தின் ஆவணங்களில் ஏதாவது ஒன்றை முடிவு செய்து, அதையே படியெடுத்து ஒட்டிப் பயன்படுத்துவது நல்லது. புள்ளியிட்ட வட்டம் ஒன்று எழுத்துக்குப் பக்கத்தில் முளைத்தால், உயிர்க்குறி மெய் இல்லாமல் தனித்து விடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய தட்டச்சு இயந்திரத்தில் கொம்பை முதலில் அடித்துப் பழகியவர்களுக்கு இது அதிகம் நேரும். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு.

அடிக்கடி வரும் நீண்ட தொடர்களை ஒவ்வொரு முறையும் தட்டுவது வீண் வேலை. ஐபோனில் டெக்ஸ்ட் ரிப்ளேஸ்மென்ட் என்ற இடத்திலும், கூகுள் விசைப்பலகையில் டிக்‌ஷனரி என்பதன் கீழ் சொந்த அகராதியிலும் சுருக்கம் பதியலாம். 'பொகூ' என்று தட்டினால் 'ஆண்டுப் பொதுக்கூட்டம்' வரும்படி செய்துகொள்ளலாம். தோட்டப் பெயர், ஆலயப் பெயர், தாமான் (குடியிருப்புப் பகுதி) முகவரி எல்லாவற்றையும் ஒருமுறை பிழையறப் பதிந்துவிட்டால், செயலாளர் மாறினாலும் எழுத்துக்கூட்டு மாறாமல் கைமாற்றிக் கொடுக்கலாம்.

புலனம் இல்லாதவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சங்கங்கள் ஒரு கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70 தான். அதிலும் புள்ளி, கொம்பு, விசிறி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும். 'சுங்கை சிப்புட்' என்ற பெயரே 15 இடத்தைத் தின்றுவிடும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ஏறும்.

குரல்வழி எழுதுவதைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. முதல் வரைவுக்கு உதவும். நிறுத்தக்குறிகளையும், நம் பேச்சில் கலந்து வரும் மலாய்ச் சொற்களையும் கையால்தான் சரிசெய்ய வேண்டும். எந்தச் செயலியைப் பதிவிறக்கினாலும் உருவாக்கியவர் யார் என்று பார்த்துப் பதியுங்கள். விசைப்பலகைச் செயலி நீங்கள் தட்டும் அனைத்தையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. வங்கிக் கடவுச்சொல்லுக்குக் கைப்பேசியோடு வந்த விசைப்பலகையே போதும்.

கடைசியாக, வாசகர் கடிதம் அனுப்புவோருக்கு. கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் நாளிதழ் அலுவலகத்தில் ஒருவர் அதை மறுபடி தட்ட வேண்டியிருக்கிறது. பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகப் போய்ச் சேர்கிறது. யூனிகோடில் தட்டி, மின்னஞ்சலின் உடலிலேயே வரிகளாக அனுப்புவோம். இக்கடிதமும் அப்படித்தான் வருகிறது. இதில் எங்காவது ஔகாரம் உடைந்திருந்தால் ஆசிரியர் குழு தயங்காமல் சுட்டிக்காட்டலாம்.

இப்படிக்கு,
தமிழ்த் தட்டச்சு பழக்கும் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்